வாடகை வீட்டை புதுப்பிக்க மொத்த காண்டிராக்டா? தனித்தனி ஆளா?

குடியிருந்தவர் காலி செய்ததும் வீட்டை புதுப்பிக்க நினைப்பவருக்கு வேலை செலவோடு, பூட்டிக்கிடக்கும் நாட்களின் வாடகையும் நஷ்டம்தான். ஆடியில் புதிதாக குடிவருபவர் குறைவு என்பதால் பலர் அந்த மாதத்தில் ஆளை பிடிக்கிறார்கள். மொத்தமாக ஒரே காண்டிராக்டரிடம் விடுவதா, தனித்தனியாக பிடிப்பதா என்பதில்தான் குழப்பம்.

பெயிண்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது மட்டும் என்றால் தனி ஆளே போதும். காண்டிராக்டர் லாபம் மிச்சம். பாத்ரூமை உடைத்தால்தான் சிக்கல். சுவரை வெட்டி பைப், வயர் போட்ட பிறகுதான் பூச்சு, டைல்ஸ். பிளம்பர் ஒருநாள் வராவிட்டால் கொத்தனாரும் சித்தாளும் சும்மா நிற்பார்கள், கூலி ஏறும். பிறகு தண்ணீர் கசிந்தால் கொத்தனார் பிளம்பரை கைகாட்டுவார், பிளம்பர் கொத்தனாரை கைகாட்டுவார். பணம் கொடுத்தவர் நடுவில் முழிக்க வேண்டியதுதான்.

மொத்த காண்டிராக்டில் பொறுப்பு ஒருவர் தலையில். ஆனால் பைப், வயர் எந்த கம்பெனி, டைல்ஸ் சதுர அடி என்ன விலை என்று எழுதி வாங்காவிட்டால் மட்டமான சாமான் வந்து இறங்கும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீத வரி சேர்த்துத்தான் ரேட்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

சாமானை தானே வாங்கி, கூலியை மட்டும் ஒரு மேஸ்திரியிடம் பேசி விடுவதும் உண்டு. தினமும் வந்து பார்க்க முடிந்தவருக்கு இதுதான் லாபம்.

எதுவானாலும் டைல்ஸ் ஒட்டும் முன் பாத்ரூம் தரையில் தண்ணீர் கட்டி முழுதாக ஒரு நாள் விட வேண்டும். கீழ்வீட்டு சீலிங் நனையவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த தவணை பணம்.