மூட்டுவாதமும் பெண்டிரும்

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரையும் அதன் எல்லையூராகிய பாறசாலையும் கேரளத்தில் தங்கின. அங்கு வாழும் நம்மவரின் மூட்டுவலி எல்லைக்கோட்டை அறியாது. ஆண், பெண் வேற்றுமையையோ அறியும். முடக்குவாதம் ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. யூரிக் அமிலம் படிந்து வரும் கௌட் ஆடவரையே பெரிதும் வருத்துகிறது.

அவ்வூர்க் கடைகளில் விற்கும் மாத்திரைகள் பலவும் அயல்நாட்டுச் சோதனைகளில் தேறியவை. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் கருவிலேயே ஊனமுற்ற கொடுமைக்கு அஞ்சிய அமெரிக்க மருந்துத் துறை, 1977-இல் கருவுறும் வயதுப் பெண்களைத் தொடக்கச் சோதனைகளினின்று விலக்கிற்று. 1993-இலேயே அத்தடை நீங்கியது. காக்க எண்ணிய விதியே, பெண்ணுடலில் மருந்து இயங்கும் முறையை மறைத்தது.

பாறசாலையில் கணவனும் மனைவியும் உண்பது ஒரே மருந்தெனில், ஆராய்ச்சியும் இருபாலாரிடத்தும் நிகழ்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.