கையேட்டில் நிற்பதும் கழிவதும்



வங்கிக் கணக்கைப் பார்ப்பது, பேருந்துச் சீட்டு வாங்குவது, பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்புவது ஆகிய யாவும் இன்று இணையச் செயலிகளின் வழியே நடைபெறுகின்றன. இச்செயலிகளை எழுதும் தொழிலைப் பலர் கல்லூரியில் கற்றார்கள். அச்சிட்ட தொழில்நுட்பக் கையேடுகளைக் கணினியின் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தாமாகவே கற்றவர்களும் பலர். அக்கையேடுகளின் வரலாற்றை இன்றைய உரையில் காண்போம். அந்த வரலாறு, கையேட்டை நம்பித் தொழில் கற்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய ஒரு கேள்விக்கு விடை தருகிறது. கையேட்டில் உள்ளவற்றுள் எது நிலைத்து நிற்கும், எது காலத்தோடு கழிந்துபோகும் என்பதே அக்கேள்வி.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்வோம். 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி தனது முதல் நிரலை நிறைவேற்றி, எண்களின் வர்க்க அட்டவணையை அச்சிட்டுத் தந்தது. அதனைப் பயன்படுத்த விரும்பிய அறிஞர்களுக்கு நிரல் எழுதத் தெரியாது. முன்பு அத்தொழில் இருந்ததில்லையே! ஆகவே மோரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் சேர்ந்து 1951இல் ஒரு நூலை வெளியிட்டனர். நிரல் எழுதுவதைக் கற்பிக்க அச்சில் வந்த முதல் நூல் என்று அதனையே குறிப்பிடுவர்.

அந்நூலின் உயிர்நாடி ஒரே கருத்துதான். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக நிரல் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை சரியாக எழுதிச் சோதித்துச் சிறு துணை நிரலாக நூலகத்தில் வைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பொருத்திக் கொள்ளலாம். 1951இல் அந்த நூலகத்தில் 87 துணை நிரல்கள் இருந்தன. எட்சாக் 1958இல் நிறுத்தப்பட்டது. அதற்கென எழுதப்பட்ட கட்டளைகள் அதனோடு போயின. ஆனால் துணை நிரல் நூலகம் என்னும் கருத்து போகவில்லை. இன்று இணையச் செயலி எழுதுகிறவரும் பிறர் எழுதி வைத்த நூலகங்களைப் பொருத்தித்தான் தம் வேலையைத் தொடங்குகிறார்.

அடுத்து அமெரிக்காவைப் பார்ப்போம். பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் 1971 நவம்பரில் அதன் கையேட்டைத் தொகுத்தனர். கட்டளை ஒவ்வொன்றும் ஒரே ஒழுங்கில் விளக்கப்பட்டது. பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று செல்லும் அவ்வொழுங்கில் குறைகள் என்றும் ஒரு தலைப்பு இருந்தது. தாம் செய்த பொருளில் இன்னின்ன குறைகள் உள்ளன என்று செய்தவர்களே அச்சில் எழுதி வைத்தார்கள். கற்பவன் எதை நம்பலாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை அறிய இதைவிட நல்ல உதவி வேறென்ன வேண்டும்?

அதே ரிட்ச்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து 1978இல் சி மொழிக்கு ஒரு நூல் எழுதினார். இலக்கணம் முழுவதையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நிரலுக்கு வரும் வழியை அவர்கள் மேற்கொள்ளவில்லை. உலகத்துக்கு ஒரு வணக்கம் சொல்லும் மிகச் சிறிய நிரலை எழுதி ஓட்டச் செய்தார்கள். பிறகு படிப்படியாக அழைத்துச் சென்றார்கள். இடையிடையே பயிற்சிகள் கொடுத்தார்கள். அந்நூலின் இரண்டாம் பதிப்பு 1988இல் வந்தது. ஆசிரியர்கள் அதற்குப்பின் புதுப்பதிப்பு எழுதவில்லை. ஆயினும் அது இன்றும் படிக்கப்படுகிறது.

இனி இணையத்துக்கு வருவோம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள், அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. தொடக்கத்தில் வலைப்பக்கம் என்பது எழுதி வைத்ததை அப்படியே காட்டும் அறிவிப்புப் பலகை போன்றதே. கேட்பவருக்கு ஏற்ப நிரல் ஒன்று பக்கத்தை உருவாக்கித் தரும் முறை 1993இல் வகுக்கப்பட்டது. அவ்வேலைக்குப் பெரிதும் பயன்பட்டது லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழி. அட்டையில் ஒட்டகப் படம் தாங்கி 1991இல் வந்த பெர்ல் நூல், அக்காலத்து வலை நிரலர்களின் மேசையில் இடம்பிடித்தது. 1995இல் பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் இரு மொழிகள் தோன்றின. அவற்றுக்கும் கையேடுகள் அடுக்கடுக்காக வந்தன.

இந்தத் துறையில் தேர்ச்சி பெற விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டிய இயல்பு ஒன்று உண்டு. வலைப்பக்கத்தை அனுப்பும் சர்வர், முன்பு வந்தவர் யார் என்பதைத் தானாக நினைவில் வைப்பதில்லை. ஓர் அலுவலக முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தர், நீங்கள் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த நிமிடம் திரும்பி வந்தாலும் உங்களைப் புதியவராகவே பார்க்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் முதலிலேயே ஓர் எண் சீட்டைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதைக் காட்டச் சொன்னால் சிக்கல் தீரும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொண்டுல்லி அமைத்த குக்கி என்பது அத்தகைய சீட்டுதான். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு எந்த மொழியில் எழுதினாலும் அந்த அறிவு கைகொடுக்கும்.

காரணத்தை விட்டுவிட்டு வரிகளை மட்டும் பார்த்து எழுதினால் என்ன நேரும்? அதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. படிவத்தில் ஒருவர் தட்டச்சு செய்த பெயரைத் தரவுத்தளக் கட்டளையோடு அப்படியே ஒட்டி அனுப்பும் மாதிரி நிரல்கள் அக்காலத்துக் கையேடுகள் பலவற்றில் இடம்பெற்றிருந்தன. பாடம் எளிதாக இருக்கும் என்பது ஆசிரியர்களின் எண்ணம். ஆனால் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதினால், தரவுத்தளம் அதையும் நிறைவேற்றிவிடும்! 1998 டிசம்பரில் ஃபிராக் என்னும் மின்னிதழ் இந்த ஆபத்தை வெளிப்படுத்தியது. கட்டளையை ஒருபுறமும் பயனர் எழுதியதை மறுபுறமும் தனித்தனியே அனுப்புவதே இதற்குச் சரியான காப்பு. எனினும் பழைய மாதிரிகளைப் பார்த்து எழுதிய செயலிகளில் இந்த ஓட்டை நெடுங்காலம் தொடர்ந்தது. பிறருடைய பணமும் அந்தரங்கமும் இத்தகைய செயலிகளில்தான் இருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

மற்றொரு சான்றையும் பாருங்கள். தரவுத்தளத்தோடு பேசுவதற்காகப் பழைய பிஎச்பி கையேடுகள் கற்பித்த கட்டளைத் தொகுதி, 2015 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 7.0 பதிப்பில் நீக்கப்பட்டது. அந்நூல்களின் நிரல்கள் புதிய பதிப்பில் ஓடா. ஜாவாஸ்கிரிப்டுக்கு டேவிட் ஃபிளானகன் எழுதிய புகழ்பெற்ற கையேடு 1996இல் தொடங்கி 2020க்குள் 7 பதிப்புகளைக் கண்டது. சி நூலுக்கோ இரண்டே பதிப்புகள். உலாவி, சர்வர், மொழி, தரவுத்தளம் ஆகிய நான்கும் வெவ்வேறு கைகளில் வெவ்வேறு வேகத்தில் மாறுவதால்தான் வலைத்துறைக் கையேடுகள் விரைவில் பழையனவாகின்றன.

அப்படியானால் கையேடு வேண்டாமா? வேண்டும். சிதறிய செய்திகளை ஒழுங்குபடுத்தி, எளியதிலிருந்து அரியதற்கு அழைத்துச் செல்வது நல்ல கையேடுதான். அதைப் படிக்கும் முறைதான் முக்கியம். நூலைத் திறந்ததும் அச்சிட்ட ஆண்டையும், எந்தப் பதிப்பு மென்பொருளுக்கு எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். மாதிரி நிரலை உங்கள் கையாலேயே தட்டச்சு செய்து ஓட்டுங்கள். பிறகு ஒரு வரியை மாற்றி, என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். படிவத்தில் யாரேனும் தீய எண்ணத்தோடு எழுதினால் இந்த நிரல் தாங்குமா என்று ஒவ்வொரு பாடத்திலும் கேளுங்கள். மொழியை உருவாக்கியோர் இன்று வெளியிட்டிருக்கும் விளக்கத்தோடு நூலை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்சாக்கின் கட்டளைகள் மறைந்தும் துணை நிரல் என்னும் கருத்து வாழ்கிறது. பிஎச்பியின் பழைய வரிகள் ஓடாமற் போயும், பயனர் எழுதியதை நம்பிவிடாதே என்னும் பாடம் நிற்கிறது. கையேட்டின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடிக் கற்றவர், அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.