ஒரே சர்வரில் பல குடித்தனம்: மெய்நிகர் கணினிக் கல்வி சிற்றூருக்கு வந்த வழி

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை வெளியூர்க்காரர்கள் அரசு சிமெண்ட் ஆலையை வைத்து அடையாளம் சொல்வார்கள். அதைச் சுற்றிய சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதியோ பட்டாசு ஆலைகளுக்குப் பேர்போனது. அங்கே ஓர் ஆலை என்பது ஒரே பெரிய கட்டடமாக இருப்பதில்லை. பொட்டல் நிலத்தில் இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்ன அறைகள் நிற்கும். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, மருந்தும் அளவுக்கு மேல் கூடாது. ஓர் அறையில் பற்றியது அடுத்த அறைக்குத் தாவாதிருக்க வேண்டும் என்பதுதான் காரணம். இந்த விதி மீறப்பட்ட இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. ஒரு சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிப்பதற்கும் அடிப்படை இந்தத் தடுப்புதான்.

அந்த வித்தை பெரிய கணினிக் கூடங்களிலிருந்து சிற்றூர் மேசைக்கு வந்த வழியை இக்கட்டுரை தேடுகிறது. மெய்நிகர் கணினி பிறந்ததே கற்பதற்கும் சோதிப்பதற்கும்தான். ஆனால் அது சிறிய கணினியில் எளிதில் கிட்டாத நிலை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அந்தப் பூட்டு எப்போது, எதனால் திறந்தது என்பதே என் கேள்வி.

1964-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசி குழுவினர் ‘சிபி-40’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1967 தொடக்கத்தில் அது புழக்கத்துக்கு வந்தது. மாற்றியமைக்கப்பட்ட ஒரே 360/40 இயந்திரம், ஒரே நேரத்தில் 14 பேருக்கு, ஆளுக்கு 256 கிலோபைட் நினைவகம் கொண்ட தனிக் கணினி போலத் தோன்றியது. ஒருவர் தன் கணினியை முடக்கிக்கொண்டாலும் மற்ற 13 பேரின் வேலை கெடாது. 1972 ஆகஸ்டில் ‘விஎம்/370’ என்ற பெயரில் இதன் வழித்தோன்றல் ஐபிஎம்மின் விற்பனைப் பொருளானது.

அடுத்த ஆண்டே, 1973-இல், சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 155 மாதிரி முதலில் விற்பனைக்கு வந்தபோது அதில் முகவரி மாற்றும் வன்பொருள் இல்லை. தனியே பொருத்தினால்தான் விஎம்/370 அதில் ஓடும். ஆகவே 370 வரிசை இயந்திரம் வந்ததாலேயே மெய்நிகர் கணினியும் கூடவே வந்துவிட்டது என்று எழுதுவது பிழை. 1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டே வெளியேறியது.

1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் இந்தப் பாகப்பிரிவினைக்குரிய இலக்கணத்தை வகுத்தார்கள். பொதுச் சொத்தைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் மேற்பார்வையாளரிடம் பிடிபட வேண்டும் என்பது அதன் சாரம். மலிவான இன்டெல் சில்லுகள் இதில்தான் தவறின. ‘பாப்எஃப்’ கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கீட்டை நிறுத்தச் சொல்லிச் சாதாரண நிரல் அதைக் கொடுத்தால், சில்லு மறுக்கவும் செய்யாது, யாரிடமும் சொல்லவும் செய்யாது. அந்தப் பகுதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடும். உள்ளே குடியிருக்கும் இயங்குதளமோ வேலை நடந்துவிட்டதாக நம்பும். பென்டியத்தில் இப்படி 17 கட்டளைகள் உள்ளன என்று 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இந்த ஓட்டையை அடைத்தது. 2003-இல் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜின் ‘சென்’ மென்பொருள், உள்ளே குடிவரும் இயங்குதளத்தையே திருத்திக்கொண்டது.

2005 இறுதியில் இன்டெல்லும், அடுத்த ஆண்டு ஏஎம்டியும் சில்லிலேயே தீர்வைப் பொறித்தன. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20 உடன், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் சேர்ந்து வந்தது. பூட்டு திறந்தது அன்றுதான் என்பது என் முடிவு. உரிமக் கட்டணம் இல்லை. மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும் லினக்ஸில் ஒரு சாதாரண செயல்முறையாகத் தெரியும். தன் மேசையில் எது எவ்வளவு தின்கிறது என்று மாணவர் கண்ணால் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் அதற்கு நிலம் பண்பட்டிருந்தது. சென்னை சி-டாக்கின் ‘பாஸ்’ லினக்ஸ் அதே 2007-இல் வெளியானது. தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் அப்போது லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. அது ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். ஆனால் ஒருவர் வெளியே போனால்தான் மற்றவர் உள்ளே வர முடியும். வட்டைப் பிரிப்பதைப் பிள்ளைகள் அங்கே பார்த்தார்கள். இருவரையும் ஒரே நேரத்தில் குடியமர்த்துவதுதான் அடுத்த படி.

அந்தப் படியில் ஏறுபவர் முதலில் தடுமாறுவது பயாஸில். பல பழைய கணினிகளில் சில்லின் மெய்நிகராக்க வசதி அங்கே அணைக்கப்பட்டே இருக்கும். சிபியு விவரத்தில் ‘விஎம்எக்ஸ்’ அல்லது ‘எஸ்விஎம்’ என்ற சொல் இருந்தால் சில்லு தயார். பிறகு பயாஸில் போய்த் திறந்துவிட வேண்டும். அடுத்து நினைவகம். 8 ஜிபியை நான்காகப் பிரித்து ஆளுக்கு 2 என்று கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரான மூல இயங்குதளத்துக்கே ஒன்றும் மிச்சம் வைக்காதவர்கள் உண்டு. நினைவகம் போதாமல் எல்லாம் சேர்ந்து வட்டைச் சுரண்டத் தொடங்கும், சுட்டி நகராது.

பெரிய பாடம் வட்டில் இருக்கிறது. 500 ஜிபி வட்டில் மூன்று கணினிகளுக்கு ஆளுக்கு 200 ஜிபி என்று எழுதிக் கொடுக்கலாம். மெய்நிகர் கணினியின் வட்டாக நிற்கும் ‘க்யூகௌ’ கோப்பு சிறிதாகத் தொடங்கி, எழுத எழுத வளர்வதால் கணக்கு இடிப்பது உடனே தெரியாது. மாதக்கணக்கில் நன்றாக ஓடும். பிறகு ஒன்றின் பதிவுக் கோப்பு பெருத்து உண்மையான வட்டு நிரம்பும். அடுத்து எழுத முயல்வது எதுவோ, அது ஒரு தப்பும் செய்யாததாக இருந்தாலும், நின்றுபோகும். பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே ‘இடைநிறுத்தம்’ என்று காட்டும். மருந்து அறைகளைத் தனித்தனியே கட்டிவிட்டு, கிடங்கை மட்டும் பொதுவாக வைத்தது போல.

நின்றதை வலிந்து அணைக்கக் கூடாது. தேவையற்ற கோப்பை அகற்றி இடம் விட்டு, ‘மீண்டும் தொடர்’ என்று கட்டளையிட்டால் விட்ட இடத்திலிருந்தே அது ஓடும். அதன் கடிகாரம் மட்டும் பெரும்பாலும் நின்ற நேரத்திலேயே இருக்கும். அதையும் திருத்திவிட்டு, எழுதிக் கொடுத்த 200-களைக் கூட்டிப் பார்க்க உட்கார வேண்டும்.