தரங்கம்பாடி ஈயும் நெய்வேலி மண்மேடும்

நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் குவித்த மண்மேடுகளில் மரங்கள் வளர்ந்ததும், உயிரினங்கள் திரும்பிவிட்டன என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எவை என்று பெயர் சொல்லாதவரை அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. பெயர் சொல்வதோ எளிதன்று. பூவின் முன்னே அந்தரத்தில் அசையாமல் நிற்கும் சிர்ஃபிட் ஈக்கள், மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ, குளவிபோலத் தோற்றம் காட்டிப் பறவைகளிடமிருந்து தப்புபவை. ஏமாற்றுவதற்கே அமைந்த நிறத்தை வைத்து இனம் பிரித்தால் நாமும் ஏமாறுவோம். இவற்றை அடையாளம் காணும் கலை வளர்ந்ததே நிறத்தைவிட்டு உடலமைப்புக்கு நகர்ந்ததால்தான்.

அதன் தொடக்கத்தில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் டால்டார்ஃப் போன்றோர் சேகரித்த பூச்சிகளுக்கு, லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ் ஐரோப்பாவில் இருந்தபடி பெயர் வைத்தார். நம் வயல்களில் புழுவாக இருக்கும்போது அசுவினியைத் தின்று வளரும் இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ் ஈயை 1805-இல் விவரித்தவர் அவரே. அக்கால விவரிப்பு ஓரிரு வரி லத்தீன், பெரும்பாலும் நிறம். 1923-இல் பூச்சியியலாளர் புரூனெட்டி, பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் சிர்ஃபிட் குடும்பத்தையும் சேர்த்து எழுதிய தொகுதி வேறு வகை. இறக்கை நரம்பு, உணர்கொம்பு, முகம், கால் என்று படிப்படியாகப் பிரித்துச் செல்லும் நூல் அது. இறக்கையின் நடுவே எதனோடும் சேராமல் ஓடும் போலி நரம்பு, குடும்பத்தைக் காட்டும். உச்சியில் கண்கள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆண். இஸ்கியோடான் ஆணுக்குப் பின்தொடையின் அடியில் உள்ள சிறு கணுவில் முள்போன்ற நீட்சி உண்டு. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது.

நல்ல கேமரா வந்தபின் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். சில இனங்களுக்குப் படமே போதும், மறுக்கவில்லை. ஆனால் எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற சிர்ஃபிட் ஈ குளிரில் வளர்ந்தால் கருத்தும், வெப்பத்தில் வளர்ந்தால் வெளுத்தும் வருகிறது. ஒரே இனத்தைப் படம் இரண்டாகக் காட்டிவிடும். மாதிரிக்காக ஈயைக் கொல்லலாமா என்ற தயக்கமும் நியாயமானதே. ஆயினும் இடமும் நாளும் எழுதி வைத்த ஓரிரு மாதிரிகள் இல்லாமல், நாளை யாரும் நம் முடிவைச் சரிபார்க்க முடியாது. நெய்வேலியில் இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. இறக்கையின் மேல்பக்க நீள்நரம்பு ஒன்று ஆழமாகக் கீழே வளைந்திருந்தால் அது எரிஸ்டாலினஸ் போன்ற ஈயாகலாம். அதன் வால்நீண்ட புழு தேங்கிய அழுக்கு நீரில் வளர்வது. வளைவில்லாத இஸ்கியோடான் வந்தால், அருகே அசுவினி பற்றிய செடிகள் இருக்கலாம் என்று பொருள். தூரத்தில் இரண்டும் மஞ்சள் ஈதான். மண்மேட்டைப் பற்றி அவை சொல்லும் சேதி வேறுவேறு.