பெட்ரோல் ஜீப்பும் டீசல் இன்ஜினும்: தாத்தாவின் நோட்டிலிருந்து

போன மாசம் பரண் சுத்தம் பண்ணும்போது தாத்தாவோட கணக்கு நோட்டு ஒண்ணு கிடைச்சது. பக்கம் பக்கமா கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ரோட்டுல அவர் ஓட்டின பழைய மகிந்திரா ஜீப்போட கணக்கு. பின்னாடி ரெண்டு பக்கமும் பெஞ்ச் இருக்கும். ஒகேனக்கல் போனா அதுலயே படுத்துத் தூங்கி, பக்கத்துலயே ஸ்டவ் பத்தவெச்சு சமைப்பாங்களாம். இப்போ கேம்பர் வேன்னு சொல்றாங்களே, அதான் :-)

1988 வரைக்கும் லிட்டருக்கு 7 கிலோமீட்டர். அப்புறம் திடீர்னு 11. நடுவுல ஒரே வரி: "இஞ்சின் மாத்தியது."

அந்த ஒரு வரிக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு மக்களே.

ஜீப்புக்கு ஏன் அவ்வளவு உயரமான பானெட்னு யோசிச்சிருக்கீங்களா? 1953-ல அமெரிக்காவோட வில்லிஸ் கம்பெனி 2199 சிசி ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை ஜீப்புல வெச்சாங்க. பழைய பானெட்டுக்குள்ள அடங்கல. இன்ஜினுக்காக பானெட்டையே உயர்த்திட்டாங்க. அந்த மாடலைத்தான் மகிந்திரா இங்கே பல வருஷம் தயாரிச்சது. ஆக நம்ம ஜீப் பிறந்ததே ஒரு இன்ஜின் மாற்றத்துலதான்!

1973 அக்டோபர்ல அரபு-இஸ்ரேல் போர். பீப்பாய் 3 டாலர் வாக்கில் இருந்த கச்சா எண்ணெய், அடுத்த சில மாசத்துல 12 டாலர் கிட்ட போயிடுச்சு. இந்தியாவுல பெட்ரோல் பணக்காரங்க எரிபொருள்னு வரி ஏறுச்சு. லாரி, பஸ், பம்ப்செட்டுக்காக டீசல் விலையை அரசு அடக்கி வெச்சது. அந்த இடைவெளியிலதான் ஊருக்கு ஊர் மெக்கானிக்குகள் பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு டீசல் ஏத்த ஆரம்பிச்சாங்க. மெட்டடார் இன்ஜின் போட்ட அம்பாசடர் ஞாபகம் இருக்கா? ஜீப்புக்கு பிரபலமானது பெஜோ எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அதான் அந்தப் பேரு. 2112 சிசி. மகிந்திராவே பிற்பாடு இதை ஜீப்புல போட்டு வித்தது. தாத்தா போட்டதும் இதுதான்.

சரி, 11 எப்படி வந்தது? ஒரு லிட்டர் டீசல்ல பெட்ரோலை விட சுமார் 10 சதவீதம் ஆற்றல் அதிகம். அது மட்டும்னா 7, 7.7 ஆகும், அவ்வளவுதான். மிச்சம், டீசலோட அதிக கம்ப்ரஷனும், பவர் கம்மியானதால தாத்தா மெதுவா ஓட்டினதும்.

இன்னொரு விஷயம். கூடவே பின்னாடி கிரவுன் பினியனையும் 5.38-லேருந்து 4.88-க்கு மாத்தியிருக்கார். ஸ்பீடோமீட்டர் கேபிள் அதுக்கு முன்னாடியே இருக்கறதால, மீட்டர் நிஜத்தை விடக் குறைவா காட்டும். 5.38 வகுத்தல் 4.88, 1.10 வருது. நோட்டுல 11-னா நிஜத்துல 12! பாவம், தாத்தாவுக்கே இது தெரியாது.

ஆனா பெரிய லாபம் மைலேஜ்ல இல்ல. நோட்டுல டீசல் விலை பெட்ரோல்ல ஏறக்குறைய பாதி. கிலோமீட்டர் செலவு மூணுல ஒரு பங்குக்கும் கீழ. இன்ஜின் கொடுத்ததை விட விலை கொடுத்ததுதான் அதிகம். அந்த விலையும் நிலைக்கல. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லயும் டீசலுக்கு 2014-லயும் போச்சு, இடைவெளி சுருங்கிடுச்சு.

ஆனா எங்க ஜீப் அதுவரைக்கும் இல்ல. 2003-ல ஆர்.சி. புதுப்பிக்கப் போனப்போ, புக்குல பெட்ரோல், வண்டியில டீசல். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி மாத்தறதுக்கு அனுமதி வாங்கியிருக்கணும். தாத்தா வாங்கல. பழைய இன்ஜினுக்கு பில்லும் இல்ல. தப்பு எங்க மேலதான். ஓடற நிலையில இருந்த வண்டி எடைக்குப் போச்சு. அன்னிக்கு தாத்தா சாப்பிடலன்னு அப்பா சொன்னார்.

பதினஞ்சு வருஷம் ஒவ்வொரு லிட்டரையும் எழுதி வெச்ச மனுஷன், ஒரே ஒரு கையெழுத்தை விட்டுட்டார்.

டிஸ்கி: பழைய வண்டிக்கு இன்ஜின் மாத்தறவங்க, முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம் கிரவுன் பினியன், கடைசியா மைலேஜ். அந்த வரிசை மாறக்கூடாது.