நிறம் மாறிய சுவர்



வீட்டுக்குள் பூசிய நிறம் நிழலில் வாழ்கிறது. வெளிச்சுவரில் பூசிய நிறமோ சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் மாறி மாறித் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த நிறம் வெளுத்துப்போகாமல் காப்பதற்கு மனிதர் செய்த முயற்சிகளின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1998ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்குப் பொன்விழா வந்தது. முன்புறச் சுவர் பழுதுபட்டிருந்தமையால் பழைய காரையைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதிதாகச் சிமெண்டு பூசினோம். விழாவுக்கு ஒரு வாரமே இருந்தது. வண்ணம் பூச வந்த மேஸ்திரி சுவரின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஐயா, சுவர் இன்னும் பச்சையா இருக்குதுங்க. ரெண்டு மாசம் போகட்டும். அவசரம்னா இப்போ வெறும் வெள்ளை அடிச்சுடலாம். இந்த நீலம் நிக்காதுங்க" என்றார். நான் கடையில் மாதிரி அட்டையைப் பார்த்து, பிரஷ்ய நீலம் என்னும் ஆழ்ந்த நிறத்தை முன்னமே வாங்கி வைத்திருந்தேன். நீலமே வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் டிஸ்டெம்பரில் அதைக் கலந்து பூசினார். விழாவன்று சுவர் கண்ணைப் பறித்தது. ஒரு மாதம் கழியுமுன் ஆங்காங்கே நீலம் வெளிறி, துருவேறிய மஞ்சள் திட்டுகள் தோன்றின. மட்டமான சரக்கைக் கலந்துவிட்டார் என்று மேஸ்திரியை ஆசிரியர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டேன். நிலுவையில் இருந்த பாதிக் கூலியையும் கொடுக்கவில்லை. அவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்.

சில நாள் சென்று எங்கள் இரசாயன ஆசிரியர் என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். சோதனைக் குழாயில் அந்த நீலத்தைச் சிறிது இட்டு, சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றிக் குலுக்கினார். சற்று நேரத்தில் நீலம் மறைந்தது; அடியில் பழுப்பு நிற வண்டல் தங்கியது. "சுவரில் நடந்தது இதுதான்" என்றார்.

பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சிறிதளவே சேர்த்தாலும் மிகுந்த நிறம் தரும், விலையும் மலிவு. ஆனால் அது இரும்பின் கூட்டுப்பொருள். காரம் பட்டால் கூட்டுக் குலைந்து, இரும்பு துருவாக வெளிப்பட்டுவிடும். புதிய சிமெண்டும் புதிய சுண்ணாம்பும் கடுங்காரம் உடையவை. சுவரில் ஈரம் இருக்கும்வரை அந்தக் காரம் நீரோடு மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். ஈரம் உலர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்பைச் சுண்ணக்கல்லாக மாற்றிய பிறகுதான் காரம் அடங்கும். மேஸ்திரி கேட்ட இரண்டு மாதம் அதற்காகத்தான். காரம், கரியமில வாயு என்னும் சொற்களை அவர் அறிந்திருக்கமாட்டார். அவருடைய உள்ளங்கை அறிந்திருந்தது.

காரத்துக்கு அஞ்சாத நீலமும் உண்டு. ஆப்கானிஸ்தானத்து மலைகளில் கிடைக்கும் நீலக்கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமரீன் என்னும் அந்த நிறம் ஒரு காலத்தில் பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்டது. அதைச் செயற்கையாகச் செய்வோருக்கு 6000 பிராங்கு பரிசளிப்பதாகப் பிரான்சு நாட்டுச் சங்கம் ஒன்று 1824இல் அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் அப்பரிசைப் பெற்றார். நம் வீடுகளில் சலவைக்கும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பிலும் இட்டுவந்த நீலப்பொடி இதுவே. இதற்குப் பகை அமிலம். சுண்ணாம்பு இதனை ஒன்றும் செய்வதில்லை. காவியும் இத்தகையதே. கோயில் மதில்களில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை தீட்டுகிறோம் அல்லவா? காவி என்பது இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்ட மண். காற்றும் வெயிலும் அதனிடத்தில் புதிதாகச் செய்யத்தக்கது ஏதுமில்லை. மழையில் கழுவுண்டு போகலாமே தவிர, அது வெளுப்பதில்லை.

ஆனால் நிறப்பொடி உறுதியாக இருந்தால் மட்டும் போதுமா? அதைச் சுவரோடு பிணைக்கும் பொருள் எது என்ற கேள்வி எஞ்சுகிறது. அந்தக் கேள்விக்காக ஜெர்மனியின் பவேரியா நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இது.

1825 முதல் 1848 வரை பவேரியாவை ஆண்ட முதலாம் லுட்விக் மன்னர் இத்தாலியின்மீது பெருங்காதல் கொண்டவர். அங்குள்ள சுவரோவியங்களைப் போலவே தம் தலைநகரான மியூனிக்கின் சுவர்களும் விளங்க வேண்டும் என்று விரும்பினார். இத்தாலியர் ஈரம் உலராத சுண்ணச்சாந்தின்மீது வண்ணம் தீட்டினார்கள். பிரெஸ்கோ என்பது அதன் பெயர். சாந்து காற்றுப் பட்டுக் கல்லாகும்போது வண்ணமும் அதற்குள் சிறைப்பட்டுவிடும். மியூனிக்கின் வானிலை வேறு. அங்கே சுவரில் புகுந்த மழைநீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து சாந்தைப் பிளந்தது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சுண்ணக்கல்லை ஜிப்சமாக மாற்றியது. ஜிப்சம் சுண்ணக்கல்லைவிட எளிதில் நீரில் கரையக்கூடியது. ஆகவே ஒவ்வொரு மழையும் ஓவியத்தில் சிறிதைக் கழுவிச் சென்றது.

அக்காலத்து ஓவியங்களைக் காக்கும் பெருங்கூடமாக 1853இல் திறக்கப்பட்ட நோயே பினகோதெக் என்னும் மாளிகையின் வெளிச்சுவர்களில், கௌல்பாக் என்ற புகழ்பெற்ற ஓவியர் வகுத்த பெரிய சித்திரங்கள் தீட்டப்பட்டன. அவற்றில் தம் காலத்து ஓவியர்களையே அவர் கேலி செய்திருந்தார், பலருக்குக் கோபம். அந்தச் சண்டையை வானிலை தீர்த்து வைத்தது. சில பத்தாண்டுகளில் சித்திரங்கள் சிதைந்து போயின. இரண்டாம் உலகப்போரில் சேதமுற்ற அம்மாளிகையும் 1949இல் இடிக்கப்பட்டது.

பவேரியாவிலேயே ஃபுக்ஸ் என்னும் இரசாயன அறிஞர் 1818 வாக்கில் நீர்க்கண்ணாடி என்ற பொருளைக் கண்டறிந்திருந்தார். மணலையும் காரத்தையும் உருக்கிச் செய்யும் இந்தக் கண்ணாடி நீரில் கரையும். 1823இல் எரிந்துபோன நாடகசாலையைத் திரும்பக் கட்டியபோது, தீப் பற்றாதிருக்க அதை மேற்பூச்சாகப் பயன்படுத்தினார்கள். பிறகு இதையே வண்ணத்துக்குப் பிணைப்பாகக் கொள்ளலாம் என்று ஃபுக்ஸ் எண்ணினார். ஓவியத்தைத் தீட்டி முடித்தபின் மேலே நீர்க்கண்ணாடியைத் தெளித்தார்கள். முறை நல்லதாயினும் பலன் ஒரு சீராக இல்லை.

குறையைத் தீர்த்தவர் கைம் என்பவர். அவர் நிறத்தை மட்டும் ஆராயவில்லை. அடியிலுள்ள சாந்தையும் சேர்த்து ஆராய்ந்தார். பொட்டாசிய நீர்க்கண்ணாடி சாந்திலுள்ள சுண்ணாம்போடும் மணலோடும் இரசாயன முறையில் கலந்து ஒன்றாகிவிட வேண்டும். சுவரின் ஈரம் ஆவியாக வெளியேற வழி இருக்க வேண்டும். காரத்தைத் தாங்கும் கனிம நிறங்களையே சேர்க்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்கு செய்து 1878இல் காப்புரிமை பெற்றார். ஸ்விட்சர்லாந்தில் ஸ்விஸ் நகரத்து மன்றத்தின் வெளிச்சுவரில் இந்த வண்ணங்களால் 1891இல் தீட்டிய சித்திரங்கள் இன்றும் உள்ளன. ஆல்ப்ஸ் மலைப் பனியை அவை நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் கண்டிருக்கின்றன.

எண்ணெய், பிசின் முதலியவற்றால் பிணைத்த வண்ணங்களின் கதை வேறு. பழைய வெளிச்சுவரைத் தடவினால் கையில் வெண்பொடி ஒட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் நிறம் சாகவில்லை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிணைப்புப் பொருளை அரித்துவிட, பிடிப்பற்ற துகள்கள் மேலே கிடந்து நிறத்தை வெளிறிக் காட்டுகின்றன. டைட்டேனிய வெண்மை முதலில் சந்தைக்கு வந்தபோது இந்தக் கோளாறு மிகுதியாக இருந்தது. அனடேஸ் என்ற அதன் படிக வடிவம் ஒளி பட்டதும் தன்னைச் சுற்றியுள்ள பிணைப்பையே தின்றுவிடும். 1940களில் ரூட்டைல் என்னும் மற்றொரு வடிவம் பரவிய பின்னரே நிலைமை சீர்ப்பட்டது. பளிச்சென்ற சில செயற்கைச் சாயங்களோ ஒளியால் தாமே சிதைந்து போகின்றன. வெளிச்சுவருக்கு நிறம் தேர்வோர் அட்டையிலுள்ள அழகைப் பார்ப்பதோடு, அது எந்தப் பொருளால் ஆனது என்றும் கேட்பது நலம். நான் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் படித்தபின் மேஸ்திரியைத் தேடினேன். அவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார் என்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பியவரைப் பள்ளிக்கு அழைத்து, அதே ஆசிரியர்கள் முன்னிலையில், தவறு என்னுடையது என்று சொல்லி நிலுவைப் பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு வெளியே போய், திட்டுத் திட்டாய் நின்ற அந்தச் சுவரின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இப்போ காஞ்சிருக்குதுங்க ஐயா. சுரண்டிட்டு ஆரம்பிக்கலாங்களா?" என்றார்.