பகடை மேல் போட்ட பழி

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நாலாவது சீசன் பார்த்தவங்களுக்கு எடி மன்சனை ஞாபகம் இருக்கும். கதை 1986-ல நடக்குது. நீள முடி வெச்ச பையன், பள்ளிக்கூடத்துல நண்பர்களைச் சேர்த்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுவான். ஊர்ல ஒரு பொண்ணு சாகும். உடனே ஊரே அவனைச் சாத்தானைக் கும்பிடுறவன்னு சொல்லித் துரத்தும். “ஒரு விளையாட்டுக்காக இப்படியெல்லாம் பண்ணுவாங்களா?”ன்னு என் ரூம்மேட் கேட்டான். எடி கற்பனை. ஆனா அந்தப் பயம் கற்பனை இல்லை. அது எங்கே ஆரம்பிச்சதுன்னு இன்னைக்குப் பேசுவோம்.

முதல்ல, விளையாடாதவங்களுக்காக ஒரு நிமிஷம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதில் ஒருத்தர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன். கதை சொல்லி கேட்பார்: “ஒரு பாழடைஞ்ச கோட்டை வாசல்ல நிக்குறீங்க, உள்ளே உறுமல் சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?” நாம சொன்னது பலிக்குமா இல்லையான்னு 20 முகப் பகடை முடிவு பண்ணும். அவ்வளவுதான்.

இப்போ ஒரு அம்மா, அப்பா பார்வையில இதைப் பாருங்க. கேரம்னா போர்டு தெரியும், சீட்டுன்னா சீட்டு தெரியும். இதுல ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியாது. ஜெயிக்கிறவங்க, தோக்குறவங்க கிடையாது. மணிக்கணக்கா ரூமைச் சாத்திக்கிட்டு மந்திரம், பேய்னு பேச்சு. புத்தகத்தைத் திறந்தா கொம்பு வெச்ச படம். பயம் வந்ததே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் அடுத்து எங்கே போச்சுங்கிறதுதான் பிரச்சினை.

1979 ஆகஸ்ட். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ஜேம்ஸ் டல்லாஸ் எக்பர்ட் என்ற மாணவர் விடுதியிலிருந்து காணாமல் போனார். வயது 16. படிப்பில் புலி என்பதால் அந்த வயதிலேயே கல்லூரிக்கு வந்துவிட்டவர். குடும்பம் வில்லியம் டியர் என்ற தனியார் துப்பறிவாளரை அமர்த்தியது. பையன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவான் என்று டியருக்குத் தெரியவந்தது. அந்த வளாகத்துக்கு அடியில் நீராவிக் குழாய்கள் ஓடும் சுரங்கப் பாதைகள் உண்டு. அங்கே போய் நிஜமாகவே விளையாடும்போது ஏதோ ஆகியிருக்கலாம் என்று டியர் ஒரு ஊகத்தைச் சொன்னார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஊகத்துல இருந்த ‘லாம்’ தலைப்புச் செய்திக்கு வர்றதுக்குள்ள காணாம போயிடுச்சு.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, செப்டம்பரில், லூசியானா மாநிலத்தில் எக்பர்ட் உயிரோடு கிடைத்தார். உண்மையில் நடந்தது வேறு. அவர் சுரங்கத்துக்குப் போனது நிஜம்தான். ஆனால் விளையாடப் போகவில்லை, உயிரை விட்டுவிடும் முடிவோடு போயிருந்தார். பிழைத்துக்கொண்ட பிறகு தெரிந்தவர்கள் வீடுகளில் ஒளிந்திருந்தார். வயதில் மூத்தவர்கள் நடுவில் தனிமை, மதிப்பெண் அழுத்தம், மன அழுத்தம், போதைப் பழக்கம், தன் பாலீர்ப்பை வெளியே சொல்ல முடியாத தவிப்பு என்று அவருக்குள் அத்தனை பாரம் இருந்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில், 17 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விளையாட்டு காரணமில்லை என்று டியரே புத்தகமாக எழுதினார். அது வந்தது 1984-ல்.

அதுக்குள்ள ஊர்ல வேற கதை ஓடி முடிஞ்சிருந்தது. 1981-ல் ரோனா ஜாஃபி ‘மேஸஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ நாவலை எழுதினார். இப்படி ஒரு விளையாட்டில் மூழ்கி நிஜம் எது, கற்பனை எது என்று தெரியாமல் போகும் மாணவனின் கதை. 1982-ல் அது தொலைக்காட்சிப் படமானது. அந்த மாணவனாக நடித்தவர், அப்போது இளைஞரான டாம் ஹாங்ஸ். உண்மை புத்தகக் கடைக்கு வர அஞ்சு வருஷம் ஆச்சு. பொய் அதுக்கு முன்னாடியே வீட்டு ஹாலுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு.

அதே 1982-ல் வர்ஜீனியாவில் பாட்ரிஷியா புல்லிங் என்ற தாய் தன் மகனைத் தற்கொலையில் இழந்தார். விளையாட்டில் மகன் மேல் போடப்பட்ட ஒரு சாபம்தான் காரணம் என்று நம்பினார். பள்ளி முதல்வர் மீது வழக்குப் போட்டார், அது தள்ளுபடியானது. 1983-ல் விளையாட்டை எதிர்க்க ஒரு அமைப்பைத் தொடங்கினார். சுருக்கப் பெயர் ‘பேட்’. 1985-ல் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி புல்லிங்கையும் கைகாக்ஸையும் பேட்டி கண்டது. விளையாடிய பிள்ளைகளின் தற்கொலைகளும் கொலைகளும் பட்டியலாக நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன.

இங்கே என்னோட இன்ஜினியர் மூளை கையைத் தூக்குது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு நாட்டுல 30 லட்சம் இளைஞர்கள் ஒரு விளையாட்டு ஆடுறாங்கன்னு வைங்க. அந்த வயசுல வருஷத்துக்கு லட்சத்துல 10 பேர் தற்கொலை பண்ணிக்கிறாங்கன்னு வைங்க. அப்போ விளையாட்டால ஒரு பாதிப்பும் இல்லைன்னாலும், ஆடுறவங்கள்ல வருஷத்துக்கு 300 பேர் இறந்துபோவாங்க. அது பகடையா இருந்தாலும் சரி, கிரிக்கெட்டா இருந்தாலும் சரி. அதனால பட்டியலை மட்டும் காட்டினா போதாது. ஆடாதவங்களை விட ஆடுறவங்க அதிகமா இறக்குறாங்களான்னு காட்டணும். மைக்கேல் ஸ்டாக்போல் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 1990-ல் எழுதிய ‘புல்லிங் ரிப்போர்ட்’ அந்தப் பிரச்சாரத்தின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்டது. அதற்குள் விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனமே பணிந்துபோய், 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘டீமன்’, ‘டெவில்’ என்ற சொற்களை எடுத்துவிட்டிருந்தது.

இணையத்துல புல்லிங்கைக் கிண்டல் பண்ற மீம்ஸ் இன்னும் சுத்துது. எனக்குச் சிரிப்பு வரலை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா “ஏன்?”னு கேட்டாங்க. கையில கிடைச்ச பதில் அந்த விளையாட்டு. பதில் தப்பு. கேள்வி தப்பில்லை.

இதை நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. காலேஜ் ரெண்டாவது வருஷம். என் ஹாஸ்டல் ரூம்ல இருந்த பையன் ஒருநாள் சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டான். வார்டன் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சார். யோசிக்காம சொன்னேன்: “எப்பப் பாரு மொபைல்ல கேம்தான் சார்.” அவர் அதை அவங்க அப்பாகிட்ட அப்படியே சொல்லிட்டார். நாலு நாள் கழிச்சு அவன் அத்தை வீட்டுல கிடைச்சான். அப்பா முதல் வேலையா போனைப் பிடுங்கினார். அவனுக்கு ஆறு அரியர் இருந்தது. வீட்டுல சொல்ல தைரியம் இல்லாம ரெண்டு செமஸ்டரா மறைச்சு வெச்சிருந்தான். “விளையாடுற நேரம் மட்டும்தான்டா அது ஞாபகம் வராது”ன்னு ரொம்ப நாள் கழிச்சு என்கிட்ட சொன்னான். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த நான் அவன் சரியா சாப்பிடாததைப் பார்த்தேன், தூங்காததைப் பார்த்தேன். வார்டன் கேட்டப்போ ஞாபகம் வந்தது கேம் மட்டும்தான்.

எக்பர்ட் கதையிலும் எனக்கு உறுத்துறது அதுதான். நாடே சுரங்கத்துக்குள்ள டிராகனைத் தேடிச்சு. அவர் திரும்பி வந்த பிறகு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்துலயும் ஊர் பேசினது விளையாட்டைப் பத்தித்தான்.

அதனால பெற்றோர் யாராவது கேட்டுட்டு இருந்தா, ஒரு சின்ன வேண்டுகோள். உங்க பிள்ளை ஏதோ ஒண்ணுல மூழ்கிக் கிடந்தா, பிடுங்குறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து “இதுல உனக்கு என்னடா பிடிச்சிருக்கு?”ன்னு கேளுங்க. அப்புறம் “இதை விட்டு எழுந்தா என்ன ஞாபகம் வருது?”ன்னும் கேளுங்க. ரெண்டாவது கேள்விதான் முக்கியம்.

மனசு கனமா இருக்கிற யாராவது கேட்டுட்டு இருந்தா, டெலி மனாஸ் எண் 14416. தமிழ்லயே பேசலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.